மீன்பெட்டியில் ஏழு உயிர்

அடைக்கோழி லாரியில் அடிபட்டுச் செத்த செய்தியைச் சொல்ல வந்த முட்டைக்காரி, கோழிக்காக அழவில்லை. முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்த ஒன்பது முட்டைகளுக்காக அழுதாள்.

"அண்ணே, தொட்டுப் பாருங்க, இன்னும் சூடு ஆறலை. அஞ்சு நாளா அசையாம உட்கார்ந்திருந்தா படுபாவி. இன்னைக்குன்னு பாத்து ரோட்டைத் தாண்டி என்னத்த மேயப் போனாளோ! செத்த ரேடியோவையே பேச வைக்கிறவரு நீங்க. இதுக்கு ஒரு வழி பண்ணக்கூடாதா?"

"ரேடியோவுக்கு ஸ்க்ரூ இருக்கு, கழட்டிப் பாக்கலாம். முட்டைக்கு ஸ்க்ரூ எங்கம்மா இருக்கு?"

தெருவில் எல்லாரும் அவரை ரேடியோ டாக்டர் என்றே அழைத்தார்கள். ரேடியோவின் காலம் போய், மின்விசிறியும் இஸ்திரிப்பெட்டியும் தண்ணீர் மோட்டாரும் அவருடைய முன்னறையில் குவிந்து கிடந்த பின்னும் அந்தப் பட்டம் மாறவில்லை. அவருடைய மனைவி, பிரசவ வார்டில் இருபத்தாறு ஆண்டுகளாக ஆயா. "அந்த வீட்டுல டாக்டருக்குக் கை கறுப்பு, ஆயாவுக்குக் கை வெளுப்பு" என்று முட்டைக்காரியே கேலி பேசுவாள். ஒருவர் கை கிரீஸில் ஊறியது. மற்றவர் கை சோப்பிலும் கிருமிநாசினியிலும் ஊறி வெளிறியது.

முட்டைக்காரி சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். உள்ளறைக் கதவு பாதி சாத்தியிருப்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

"பாப்பா சாப்பிடுதாக்கா?"

"வச்சா சாப்பிடுறா. வைக்கலேன்னா கேக்குறதில்ல" என்றாள் ஆயா.

பாப்பாவுக்கு இருபத்துநான்கு வயது. முதற் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள், மடி வெறுமையாக அந்த அறைக்குள் நுழைந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. கணவன் வேலைக்குத் திரும்பிவிட்டான். மாலைதோறும் தொலைபேசியில் அழைப்பான். அவள் காதில் வைத்துக்கொண்டு மூன்று முறை 'ம்' சொல்வாள். பிறகு கட்டிலில் வைத்துவிடுவாள். அவ்வளவுதான் அவளுடைய நாளின் பேச்சு.

அன்று விடியலில் வலி என்று மகள் எழுப்பியபோது, தாய் அவளுடைய வயிற்றில் கைவைத்துப் பார்த்து, "தலைப்பிரசவம், இதுக்கெல்லாம் இன்னும் நேரம் கிடக்கு, ஒரு வாய் கஞ்சி குடி" என்று சொன்னாள். ஆயிரம் பெண்களுக்குச் சொன்ன சொல். ஆயிரம் முறை பலித்த சொல். அன்று பலிக்கவில்லை. மருத்துவமனையில் கருவி வயிற்றின்மேல் ஊர்ந்து ஊர்ந்து தேடியும் துடிப்பு அகப்படவில்லை. பிறந்த சிசுவை ஆயாவே வாங்கினாள், ஆயாவே கழுவினாள், ஆயாவே துணி சுற்றினாள். "எங்கம்மா, எங்க வச்சிருக்கே?" என்று மகள் தலையைத் தூக்கியபோது, "அதை ஏன் கேக்குறே, நீ கண்ணை மூடிப் படு" என்று சொல்லிக் குழந்தையைத் தன் கணவர் கையிலும் மருமகன் கையிலும் கொடுத்து அனுப்பிவிட்டாள். அந்த வார்டின் வழக்கம் அது. முகத்தைப் பார்த்துவிட்டால் மறக்க முடியாது, பார்க்காவிட்டால் மனம் சீக்கிரம் ஆறும் என்பது அங்கே எல்லாரும் கைக்கொண்ட முறை. வலி வந்தபோது காத்திருக்கச் சொன்னதைத் தன் பாவமென்று எண்ணி அவள் அன்றாடம் நெஞ்சு வெந்தாள். குழந்தையின் முகத்தைக் காட்டாததைத் தன்னால் இயன்ற ஒரே கருணை என்று எண்ணியிருந்தாள்.

முட்டைக்காரி முட்டைகளை ஒரு துண்டில் வைத்துவிட்டுப் போனாள். ரேடியோ டாக்டர் எழுந்தார். மீன் கடையில் தூக்கி எறிந்த வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. அதைக் கழுவி வெயிலில் உலர்த்தி, மூடியில் ஒரு சதுரம் அறுத்துக் கண்ணாடித் துண்டைப் பதித்தார். ஒரு மூலையில் பல்பு. பல்பின் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் பழைய மின்விசிறியின் ரெகுலேட்டர். அடியில் ஈரத்துக்காக ஒரு கிண்ணம் தண்ணீர், அதன்மேல் கம்பிவலை, வலையின்மேல் துணி. மீன்தொட்டிக் கடையில் வாங்கிய வெப்பமானியை முட்டைகளின் உயரத்துக்கு நிறுத்தினார். பக்கச் சுவரில் பேனா நுழையுமளவு நான்கு துளைகள். எல்லாம் முடிந்தபோது வெளிச்சம் சாய்ந்திருந்தது.

"எங்க வார்டுலயும் இன்குபேட்டர் இருக்கு. இப்படி மீன் நாத்தம் அடிக்காது" என்றாள் ஆயா.

"உங்க வார்டு கவர்மெண்ட் காசு. இது என் காசு. நாத்தம் இலவசம்."

சிரிக்க வேண்டிய இடத்தில் இருவரும் சிரிக்கவில்லை. சிரிப்புச் சத்தம் உள்ளறைக்குப் போய்விடுமோ என்ற கூச்சம் இரண்டு மாதமாக அந்த வீட்டில் குடியிருந்தது.

முப்பத்தெட்டில் நிற்க வேண்டிய வெப்பம் நாற்பதுக்கு ஏறிற்று. ரெகுலேட்டரைத் திருகினால் முப்பத்தைந்துக்கு இறங்கிற்று. மறுநாள் முழுக்க அவர் பழுதுக்கு வந்த சாமான்களைத் தொடாமல் அந்தக் குமிழோடு மல்லுக்கட்டினார். பிற்பகலில் மகள் தண்ணீர் குடிக்க வந்தாள். குடத்தருகே நின்றவள், தரையில் கிடந்த அந்த ஒளிப்பெட்டியைச் சற்று நேரம் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

தாய் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கஞ்சி கையில் தெறித்தது கூட அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு மாதத்தில் மகள் தானாகக் கேட்ட முதற் கேள்வி அது.

ரேடியோ டாக்டர் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அந்தக் கேள்வி பறந்துவிடும் என்பதுபோல், குமிழைப் பார்த்தபடியே பேசினார்.

"கோழி செஞ்ச வேலையைப் பல்பு செய்யப் போகுது. ஆனா பல்புக்குக் கால் கிடையாது பாரு. கோழின்னா காலால முட்டையைப் புரட்டிப் புரட்டி விடும். ஒரே பக்கமா கிடந்தா உள்ள இருக்கிறது ஓட்டோட ஒட்டிக்குமாம். பண்ணைக்காரரு போன்ல சொன்னாரு. ஒரு நாளைக்கு மூணு தடவை புரட்டணும். எனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது?"

"எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்?"

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். அவள் உட்கார்ந்தாள். ஒவ்வொரு முட்டையாகக் கையில் எடுத்து, ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் இட்டாள். பிறந்தவற்றின் நெற்றியில் எழுதுவதுபோல அவ்வளவு மெதுவாக எழுதினாள்.

அன்று முதல் அந்தப் பெட்டி அவளுடையதாயிற்று. காலையில் பல் துலக்குமுன் ஒரு தடவை, உச்சிப்பொழுதில் ஒரு தடவை, விளக்கேற்றும் நேரத்தில் ஒரு தடவை. தண்ணீர்க் கிண்ணம் வற்றாமல் பார்த்தாள். பிறகு தலை சீவினாள். பிறகு ஒரு நாள், "கொழம்புல உப்பு இல்லம்மா" என்றாள். உப்பில்லை என்ற அந்தச் சொல் தாயின் காதில் தேனாகப் பாய்ந்தது. வார்டில் யாரிடமும் சொல்லாததைக் கடவுளிடம் மட்டும் சொன்னாள்: இந்த முட்டைங்க பொரிஞ்சிடணும் சாமி. எனக்காக இல்ல. இது பொரிஞ்சா அவ எழுந்து நடந்துடுவா.

கோழி அடைக்கு உட்கார்ந்ததிலிருந்து எண்ணிப் பத்தாம் நாள் சன்னல்களை அடைத்துப் போர்வை தொங்கவிட்டு, நடுப்பகலை இருட்டாக்கினார் ரேடியோ டாக்டர். டார்ச் விளக்கின் வாயில் துளையிட்ட அட்டையைப் பொருத்தி, அதன்மேல் ஒரு முட்டையை நிறுத்தினார். உள்ளே வெறும் மஞ்சள் வெளிச்சம்.

"இதுல ஒண்ணுமில்ல. சும்மா முட்டை. ஆம்லெட்டுக்கும் ஆகாது, ஆசைக்கும் ஆகாது."

இரண்டு முட்டைகள் அப்படிக் கழிந்தன. மூன்றாவதை வைத்ததும் மகள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். ஓடு முழுவதும் ஒளி ஊறிச் சிவந்திருந்தது. வேர் பரவியதுபோல மெல்லிய நரம்புகள். நடுவே கடுகளவு ஒரு கருமை. அந்தக் கருமை சும்மா இருக்கவில்லை.

"துடிக்குது" என்றாள் மகள். "அம்மா, இங்க வாயேன். துடிக்குது பாரு."

ஆயா குனிந்து பார்த்தாள். ஆயிரம் வயிறுகளின்மேல் காதுவைத்துக் கேட்டவள், உயிரின் துடிப்பைக் கண்ணால் கண்டது அன்றுதான். அந்தச் சின்னஞ்சிறு செந்நிற வானத்தில் ஒற்றை விண்மீன் இமைத்து இமைத்து எரிந்தது. ஏழு முட்டைகள். ஏழும் இமைத்தன. போர்வையை விலக்கியபோது மகளின் கன்னம் நனைந்திருந்தது. ஆனால் அது அறைக்குள் சுவரைப் பார்த்து அழுத அழுகை அல்ல.

பதினெட்டாம் நாள் ரேடியோ டாக்டர் ரெகுலேட்டரின் மேல் ஒரு காகிதம் ஒட்டினார்: தொடாதே.

"இனிமே புரட்டுறது கிடையாது. மூடியைத் திறக்குறதும் கிடையாது. கிண்ணத்துல தண்ணியை நிறைச்சாச்சு. உள்ள இருக்கிற ஈரக் காத்து வெளிய போச்சுன்னா, முட்டைக்குள்ள இருக்கிற சவ்வு காஞ்சு குஞ்சு மேல இறுகிக்கும். அப்புறம் அசைய முடியாது. வெளிய வர்றதுக்கு ஒரு நாள் பூராவும்கூட எடுத்துக்குமாம். ஓட்டைக் குத்திட்டு அப்படியே கிடக்கும். செத்துப்போச்சோன்னு தோணும். சாகாது. உள்ள இருக்கிற ரத்தத்தையும் மஞ்சக்கருவையும் இழுத்துக்கிட்டிருக்கும். அந்த நேரத்துல நாம கையை வச்சோம், அவ்வளவுதான்." அவர் மனைவியைப் பார்த்தார். "உனக்குத்தான் சொல்றேன். உன் கை சும்மா இருக்காது."

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க. வார்டுல மனுஷங்களுக்குப் பாத்தது போதாதுன்னு கோழிக்குப் பிரசவம் பாக்க வர்றேன்."

மகள் சிரித்தாள். சிறிய சிரிப்பு; உதட்டோரம் பிறந்து அங்கேயே அடங்கியது. ஆனாலும் சிரிப்பு. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்காமல் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள்.

இருபத்தோராம் நாள் விடிந்தபோது முட்டைகள் பேசிக்கொண்டிருந்தன. ஓட்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒன்று கூப்பிட, கீச்சென்று மற்றொன்று பதில் சொன்னது. மூன்று முட்டைகளில் நட்சத்திரம்போல் ஓடு விண்டிருந்தது. ஒன்றின் விண்ட வாயில் வெண்மையான அலகு நுனி அசைந்தது. மகள் பெட்டியின் முன் குப்புறப் படுத்து, கண்ணாடியில் மூச்சுப் படியப் படியத் துடைத்தாள்.

"அப்பா, வந்தா எங்க விடுறது? என்ன போடுறது?"

"கூடை வேணும். நொய் வேணும். கடைக்குப் போனாத்தான் உண்டு."

"நானும் வர்றேன்."

தந்தை செருப்பைத் தேடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருத்துவமனையிலிருந்து வந்தபின் அவள் வாசற்படியைத் தாண்டியதில்லை. நீலச் சேலை ஒன்றை எடுத்து உடுத்தி வந்து நின்றவள், படியில் இறங்குமுன் திரும்பினாள்.

"அம்மா, பாத்துக்கோ. திறந்துடாதே."

"போய்ட்டு வா கண்ணு. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்."

சொன்னபடியே உட்கார்ந்தாள். அன்று அவளுக்கு விடுமுறை. மேலே மின்விசிறி ஓடிற்று. வெயில் சன்னலில் ஏறியது. ஒரு மணி நேரம் வரை குரல்கள் கேட்டன. பிறகு அலகு நுனி தெரிந்த முட்டையின் குரல் மெலிந்தது. இரண்டு முறை கூப்பிட்டது, நெடுநேரம் கழித்து ஒரு முறை கூப்பிட்டது, அப்புறம் இல்லை. அலகும் அசையவில்லை.

கணவர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. செத்ததுபோல் கிடக்கும், சாகாது. வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். ஆனால் அழுத குரல் நிற்பது என்பது அவளுடைய இருபத்தாறு ஆண்டுகளில் ஒரே ஒரு பொருளைத்தான் தந்திருந்தது. அழுத குழந்தை அழுகையை நிறுத்தினால் ஓடு, ஓடிப் போய்த் தூக்கு, கவிழ்த்துத் தட்டு, மூக்கை உறிஞ்சு. அறிவு ஒரு பக்கம் இழுக்க, உள்ளங்கை மறுபக்கம் இழுத்தது. இன்னும் நேரம் கிடக்கு என்று சொல்லி ஒரு முறை காத்திருந்தவள் அவள். அந்தக் காத்திருப்பு என்ன செய்தது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

எழுந்தாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். வெந்நீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்தாள். சுத்தமான வெள்ளைத் துணி ஒன்றை மடியில் விரித்தாள். வார்டில் செய்வதை எல்லாம் வரிசை தப்பாமல் செய்தாள். பிறகு மூடியைத் திறந்தாள்.

முட்டை அவள் கையில் வெதுவெதுப்பாக இருந்தது. நகத்தால் ஓட்டை அரிசியளவு அரிசியளவாகப் பெயர்த்தாள். உள்ளே வெள்ளைச் சவ்வு. அதைப் பஞ்சால் ஈரப்படுத்தி மெல்லக் கிழித்தாள். கிழித்த கோட்டில் ஒரு சிவப்பு முத்து அரும்பியது. துடைத்தாள். மறுபடி அரும்பியது. குஞ்சு துள்ளிற்று, கீச்சென்று உரக்கக் கத்திற்று. அந்தக் குரல் கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. "வா சாமி, வந்துடு, இந்தா வந்துட்டே" என்று பிரசவ வேதனையில் கிடப்பவளுக்குச் சொல்வதையே சொன்னபடி மிச்ச ஓட்டையும் விலக்கினாள். குஞ்சு துணியில் சரிந்தது. அதன் வயிற்றோடு ஒட்டி, உள்ளே போகாத மஞ்சட்கரு தொங்கியது. சவ்வில் ஓடிய நரம்புகள் இன்னும் அதனுடைய நரம்புகள்தான். அவள் அறுத்தது தொப்புள்கொடி காய்வதற்கு முன்னால் என்று புரிந்தபோது மடித்துணியில் ரத்தம் பரவியிருந்தது. பஞ்சை வைத்து அழுத்தினாள். இருபத்தாறு ஆண்டு ரத்தம் நிறுத்திய விரல். ஆனால் எலுமிச்சையளவு உடலில் எங்கே அழுத்துவது? கால்கள் இரண்டு முறை நீண்டன. பிறகு நீளவில்லை.

அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது மூடி திறந்தே கிடந்தது. மின்விசிறி பெட்டிக்குள் காற்றை அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருந்தது. வெப்பமானி முப்பதில் நின்றது. விண்டிருந்த மற்ற இரண்டு முட்டைகளில் சவ்வு காகிதமாக உலர்ந்து, உள்ளிருந்த அலகைப் பிடித்து இறுக்கியிருந்தது. அவள் பதறிப்போய்ப் பஞ்சால் நனைத்தாள். இளகவில்லை. ஒன்றைப் பிரிக்கப் போய் மறுபடி சிவப்பு. மற்றொன்று அவள் தொடுமுன்பே அடங்கியிருந்தது; ஓட்டை நீக்கி அதையும் வெளியே எடுத்தாள்.

மூடியை மூடினாள். அதன்பின் அவள் செய்தவற்றை அவள் எண்ணிச் செய்யவில்லை, கை செய்தது. மூன்றையும் வெள்ளைத் துணியில் வைத்து, தலை கால் மறைய மடித்து, முனையைச் செருகினாள். ஒரு தகர டப்பாவில் இட்டு மூடி, கொல்லையில் துணி துவைக்கும் கல்லின் பின்னால் வைத்தாள். ஓட்டுத்துகளைப் பொறுக்கினாள். தரையைத் துடைத்தாள். கையை மறுபடி முழங்கை வரை கழுவினாள். எல்லாம் சுத்தமாயிற்று.

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. மகளின் குரல்தான் முன்னே வந்தது.

"இவ்வளவு பெரிய கூடையா வாங்குவாங்க? ஆட்டுக்குட்டியா வளக்கப் போறோம்? சொன்னா கேக்குறதில்லப்பா நீங்க…"

கூடையோடு உள்ளே வந்தவள் நேரே பெட்டியருகே மண்டியிட்டாள். கண்ணாடியைத் துடைத்தாள். உள்ளே நான்கு முட்டைகள் ஊமையாகக் கிடந்தன.

"மூணு எங்கம்மா?"

ஆயா சுவரோரம் நின்றாள். ரேடியோ டாக்டர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு வெப்பமானியைப் பார்த்தார். நொய்ப் பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"அதுங்களுக்குத் தெம்பு இல்ல பாப்பா… சத்தம் நின்னு போச்சு… நான்தான்…"

"எங்க வச்சிருக்கே?"

"அதை ஏன் கேக்குறே. நீ உள்ள போய்ப் படு கண்ணு. நான் பாத்துக்கறேன்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அந்தச் சொற்கள் அவளுடைய காதில் விழுந்தன. மகள் எழுந்து நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"அன்னைக்கும் இதையேதான் சொன்னே. எல்லாரும் பாத்தீங்க. அப்பா பாத்தாரு. அவரு பாத்தாரு. நர்ஸு பாத்தா. தரையைக் கூட்டுறவகூட பாத்திருப்பா. பெத்தவ நான் ஒருத்திதான் பாக்கலை. கண்ணை மூடுனா வேற யார் யார் புள்ள முகமோ வருதும்மா எனக்கு. எது என் புள்ளன்னு தெரியலை."

"நேரம் கிடக்குன்னு சொன்னேனே, அந்தக் கோவத்துலதான் நீ பேசாம இருக்கேன்னு நான்…"

"அன்னைக்கு உள்ள துடிப்பு நிக்கப் போகுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? அது யாருக்கும் தெரியாது. அதுக்கு நான் கோவப்படவே இல்ல. எங்க வச்சிருக்கே, சொல்லு."

ஆயா கொல்லைக்கு நடந்தாள்.  டப்பாவை எடுத்துத் திறந்து, துணிப்பொட்டலத்தை இரு கையாலும் மகளிடம் நீட்டினாள். மகள் துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்து, மடியில் வைத்து, செருகிய முனையை எடுத்து விரித்தாள். ஈரம் காயாத மூன்று சிற்றுடல்கள். ஒன்று மஞ்சள், ஒன்று பழுப்பு, ஒன்றின் முதுகில் கறுப்புக் கோடு. ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தடவினாள். இறக்கையை விரித்துப் பார்த்தாள். காலின் நகங்களைப் பார்த்தாள். அவசரப்படவில்லை. கடைசியை வைத்தபின் தலை நிமிராமலே கேட்டாள்.

"முடி இருந்துச்சா?"

தாய்க்கு எதைக் கேட்கிறாள் என்று புரிந்தது. 

"இருந்துச்சு. நிறைய. நெத்தி வரைக்கும் இறங்கி, சுருட்டை. நான் கழுவுனப்போ விரல்ல சுத்திக்கிச்சு."

"கண்ணு?"

"மூடியிருந்தான். இமை நீளம். உன்னுது மாதிரி."

"எடை?"

"மூணு கிலோ நூறு. ரெண்டு தடவை வச்சுப் பாத்தேன்."

"வேற?"

"வலது காதுக்குக் கீழ ஒரு மச்சம். நகம் வளந்திருந்துச்சு. கை ரெண்டும் இப்படி… மூடி வச்சிருந்தான். வாய் உங்கப்பா வாய். கீழுதடு லேசா…" 

"தூக்கி வச்சிருந்தியா?"

"வச்சிருந்தேன். கழுவுற ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு. யாருக்கும் தெரியாது. உங்கப்பாவுக்குக்கூட சொல்லலை."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம் இருக்கும். நர்ஸ் வந்து தட்டுற வரைக்கும்."

கொல்லைச் சுவரில் வெயில் எரிந்தது. கதவோரம் நின்ற ரேடியோ டாக்டர் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு நிமிஷம் குடுத்திருக்கலாம்லம்மா."

 ஆயா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.  பிறகு மகள் துணியை மறைக்காமல் விரித்தபடியே கல்லின்மேல் வைத்துவிட்டு இறங்கி, தாயின் எதிரே மண்ணில் உட்கார்ந்தாள்.

"எப்படி வச்சிருந்தே? காட்டு."

ஆயா இடக்கையை மடக்கினாள். முழங்கை மடிப்பைத் தலை படுமளவு சற்றே உயர்த்தினாள். வலக்கையை அதன்கீழ் கொண்டுவந்து, மூன்று கிலோ நூறின் பாரம் தாங்கும்படி விரல்களை விரித்தாள். தோள்கள் தாமாகவே முன் வளைந்தன. மகள் மெல்லக் குனிந்து, அந்த இரண்டு கைகளுக்கு நடுவே பார்த்தாள். முகத்தோடு முகம் வைக்குமளவு நெருங்கி, கண்ணிமைக்காமல், பார்த்துக்கொண்டேயிருந்தாள். தாயின் கைகள் வலிக்கத் தொடங்கின. அவள் அவற்றை இறக்கவில்லை.